பட்டியலில் இல்லாத குளிர்

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து
நாடு முழுக்க ஒரே சொல்.
என் கழுத்தில் தொங்கிய நாடாவில்
அப்படித்தான் அச்சடித்திருந்தது.
ஸ்டோக் பெரியாஸ்பத்திரியில் வார்டு வார்டாகப் போய்
அதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை.
மடிக்கணினி, இருபது கையேடு,
யாரும் தொடாத ஒரு டப்பா பிஸ்கெட்.

எம்.எஸ். என்று ஆரம்பிப்பேன்.
இதய வார்டில் அது சுருங்கிய வால்வு.
நரம்பு வார்டில் உறை கழன்ற நரம்பு.
மருந்துச் சீட்டிலோ வலிக்குப் போடும் ஊசி.
மூன்றாம் மாடியில் ஏறி ஐந்தில் இறங்கிய ஒருவருக்கு
லிஃப்டுக்குள்ளேயே நோய் மாறிப் போனது.
பயமுறுத்தச் சொல்லவில்லை.
அவர் ஃபைலை மூடி அலமாரியில் வைத்தவள் நான்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.
ஏழாம் வார்டில் ஹிலரி சால்ட் மட்டும்
கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்:
"இதில் நெஷ் எங்கே இருக்கிறது?"

தேடினேன். மூன்று லட்சத்துச் சொச்சம் சொற்கள்.
வாத்து கொத்திய காயத்துக்கு எண் இருக்கிறது,
மறுபடி கொத்தினால் வேறு எண்.
நெஷ் இல்லை.

நெஷ் என்றால், அந்த ஊர்க்காரர்கள் சொல்வது,
மற்றவருக்குக் காற்றாக இருப்பது
இவருக்குக் கத்தியாக இருப்பது.
கொஞ்சம் கேலி, அதைவிடக் கொஞ்சம் கூடப் பரிவு.
பதினான்காம் படுக்கை வில்ஃப் ஷஃபில்பாட்டம்,
முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர்,
ஜுரமில்லை, சோகையில்லை,
ஜன்னலோரம் போட்டால் ராத்திரி முழுக்க
வெடவெட வெடவெட.

"குளிர் சகிப்பின்மை" என்று காட்டினேன்.
ஹிலரி திரையைப் பார்த்தாள், பிறகு என்னை.
"இது வியாதி. அவருக்கு வியாதி இல்லை. அவர் நெஷ்."

மேலாளர் அறையில் அவளுக்கென்று
ஒரு சொல் முன்பே தயாராக இருந்தது:
மாற்றத்துக்கு எதிர்ப்பு.
அதற்கும் ஒரு கட்டம், டிக் அடிக்க.
எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி ஆளை
குளிர் விட்டுப்போச்சு என்போம்.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
ஏன் என்று கேட்டார்கள்.
இங்கிலீஷில் அது வேறு ஏதோ ஆகிவிடும்.

அறிக்கைப்படி, கடைசியில் ஹிலரி வழிக்கு வந்தாள்.
சொன்ன எண்ணைத் தட்டினாள்.
பிறகு பேனா மூடியைப் பல்லால் கழற்றி
தலைமாட்டு வெள்ளைப் பலகையில்
பச்சையில் எழுதினாள்: நெஷ்.
அடியில், இரண்டு கம்பளி. ஜன்னல் மூடு.

லேகோஸிலிருந்து வந்த ராத்திரி டாக்டர் அகின்யெமி
இது என்ன மருந்து என்று கேட்டாராம்.
மறுவாரம் அவர் கையெழுத்திலேயே அது, ஒன்பதாம் வார்டில்.
அதற்கடுத்த வாரம் ஆம்புலன்ஸ் நிற்குமிடத்தில்
யாரோ கத்துகிறார்கள்,
"இவர் நெஷ், இன்னொரு போர்வை!"
ஆறாவது வாரத்தில் என் கையேடு
நாற்பத்திரண்டு சதவீதத்தில் நின்றது.

ஒரு சொல் சேர்க்க வேண்டுமென்று
மத்தியக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டேன்.
பெற்றுக்கொண்டோம். பதினெட்டு மாதம் ஆகலாம்.
வேறு வட்டாரங்களில் இச்சொல்லுக்கு
வேறு பொருள் இல்லையென்று உறுதிசெய்க.
நியாயமான கேள்வி.
அலமாரியில் இருக்கும் ஃபைல் ஞாபகம் வந்தது.
இன்னும் பதில் எழுதவில்லை.

மே கடைசி. வெயில் என்று அவர்கள் சொல்லும் ஒன்று.
கார் நிறுத்துமிடத்தில் நான்,
கோட்டு ஜிப் கழுத்துவரை.
அகின்யெமி கையுறை கழற்றாமலே கையசைத்தார்:
"நீங்களும் நெஷ்ஷா?"

ஆமாம் என்றேன்.
எண் கேட்கவில்லை அவர்.