பாடக்குறிப்பேடு, புதன்கிழமை

மோட்டாரை அணைக்க மறந்தது நான்தான்.
பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்து சின்டெக்ஸ் நிரம்பி
செம்மண்ணில் இறங்கியது.
ஐந்தாம் வகுப்பு, கேட்டுக்கொண்டா வெளியே வரும்?

காம்பஸ் முனையால் பாட்டிலில் மூன்று ஓட்டை போட்டாள் தனுஸ்ரீ.
அடி ஓட்டைதான் அதிக தூரம் பாய்ந்தது, என் புடவை வரை.
அறிவியல் என்று எழுதிக்கொண்டேன்.

ஷாம்பு மூடியால் ஊற்றி
டம்ளருக்குப் பதினேழு என்றான் அடைக்கலம்.
அதே டம்ளருக்குப் பத்தொன்பது என்றாள் நஸ்ரின்.
சண்டை. சட்டைப் பட்டன் ஒன்று போனது.
திரும்ப அளந்தார்கள், தலைதட்டி:
பதினெட்டரை.
கணக்கு.

தளும்புது, பீச்சுது, கசியுது, சுழிக்குது, ஊறுது
என்று அவர்கள் கத்தக் கத்த
தமிழ்க் கட்டம் தானாக நிரம்பியது.

சோலைராசு உடைந்த ஆத்தங்குடிக் கல்லை அடுக்கி
கொடிக்கம்பத்தருகே அணை கட்டினான்.
பப்பாளிக் காம்பில் மதகுகூட வைத்தான்;
திறக்கத்தான் இல்லை.

கீழே, வேலியோரம்,
கொட்டாங்குச்சியோடு குந்தியிருந்த பொன்னழகியின் வாய்க்கால்
காய்ந்துகொண்டே வந்தது.
அழவில்லை அவள். எழுந்து வந்து கேட்டாள்:
"உன் கல்லு சரி. தண்ணி யாருது?"

சோலைராசு என்னைப் பார்த்தான்.
நான் சின்டெக்ஸைப் பார்த்தேன்.

வெகுநேரம் கழித்து
ஒரு கல்லை எடுத்தான். ஒன்றே ஒன்று.
அது போதுமா என்று
மணியடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு எந்தப் பாடம் என்று எழுதுவது?
அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.
கரண்டு பில்லுக்கு மட்டும்
தலைமையாசிரியர் என்னைத் தேடுகிறாராம்.