அவுட்பொக்சில் நாற்பத்தொன்று

முத்தையன்கட்டு வலதுகரை.
கமக்காரர் அமைப்பின் ஒற்றை அறையில்
பாதி யூரியா மூடைகள்,
மீதி ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர்,
அதன்மேல் ஆரோ சபைக்கு விரித்து மிஞ்சிய சரிகைத் துணி.

"ஒண்டும் போகுதில்லைத் தம்பி,
வாறதும் இல்லை" என்றா தவரூபி.
"முந்தி வந்த பெடியன்
ரவுட்டர் பிழையெண்டு
ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு போட்டான்."

அவுட்பொக்சில் நாற்பத்தொரு கடிதம்.
வாசிக்கக்கூடாது. தலைப்புகள் கண்ணில் பட்டன.
துருசுக் கதவு திருத்தம், மூன்றாம் நினைவூட்டல்.
யானைவேலியில் கரண்ட் இல்லை.
மதகுப் படங்கள், ஏழு.
தலைப்பு இல்லை.
தலைப்பு இல்லை.
அப்படி ஆறு, ஒரே முகவரிக்கு.

பாஸ்வேட் சரி.
வெளியே போகும் வாசல் இருபத்தைந்து என்றிருந்தது;
அதை எல்லோரும் எப்போதோ பூட்டிவிட்டார்கள்.
ஐந்நூற்று எண்பத்தேழு ஆக்கினேன்.
சேவரின் பெயரில் புள்ளி ஒன்று கூட.
அழித்தேன்.
அனுப்பு.
நீலக்கோடு பாதிவரை ஊர்ந்து
சோதனைச்சாவடி கண்ட பஸ்போல நின்றது.

தகரத்தின் மேலால் குரங்குகள் ஓடின.
அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்தபோதுதான்
திரையின் வலது மூலையைக் கண்டேன்.
2009 ஜனவரி 1.
நள்ளிரவு கழிந்து நாற்பத்தேழு நிமிடம்.

"இது எப்பவும் இப்பிடியோ?"
"கரண்ட் போய் வந்தா இப்பிடித்தான்.
நான் அந்தப்பக்கம் பாக்கிறேல்லை."

உள்ளே ஒரு நாணயமளவு பற்றரி செத்துக் கிடந்தது.
மின்சாரம் போகும்போதெல்லாம் இந்தப் பெட்டி
தன் முதல்நாளுக்குத் திரும்பிப் போகிறது.
தூரத்துச் சேவர் அடையாள அட்டையை நீட்ட,
வாங்கித் திகதி பார்த்துவிட்டு,
"இந்த அட்டை இன்னும் அடிக்கப்படவே இல்லை, போ"
என்கிறது.
மறித்தது அவர்களல்ல,
இந்த மேசைதான்.

திகதியை அவ கொஞ்சநேரம் பார்த்தா.
"அண்டைக்குத் தருமபுரத்தில நிண்டனாங்கள்.
மாட்டுக்கு வைக்கல் தேடித் திரிஞ்சது ஞாபகம்."
வேறொன்றும் சொல்லவில்லை.

பையில் ஒரு பற்றரி இருந்தது.
திருகாணிகள் ஐந்து, தூசி ஒரு கை.
தன் போனைப் பார்த்து அவ திகதி சொல்ல
நான் அடித்தேன்.
அனுப்பு.

நாற்பத்தொன்று. நாற்பது. முப்பத்தொன்பது.
மதகுப் படங்களில் திக்கியது.
இவ்வளவு பாரம் ஒரே கடிதத்தில் போகாது,
இரண்டு இரண்டாகப் பிரிக்கவேண்டும்
என்று நான் சொல்லிமுடிக்கமுன்
மவுசின் மேல் அவவின் கை.
"நிப்பாட்டுங்கோ."

நிற்பாட்டினேன்.

"அந்த ஆறும்... போகவேண்டாம்.
போகாது எண்டு தெரிஞ்சபடியாத்தான் எழுதினனான்.
உங்களைக் கூப்பிட்டது துருசுக்கு."

ஐந்து நின்றன.
ஒன்று போயிருந்தது.

"திருப்பி எடுக்கேலாதோ?"
"ஏலாது, அக்கா."

மின்விசிறி ஒருமுறை சுற்றிவந்தது.
அப்போதுதான் எனக்கும் அது பிடிபட்டது:
நாற்பத்தொன்றும் ஒரே நாளில் எழுதியவை.
எந்த மாதம் எழுதினாலும்
எல்லாவற்றின் நெற்றியிலும் அந்த ஜனவரி.
போய்ச் சேருமிடத்தில் அவை மேலே மிதக்கா.
பெட்டியின் அடிக்கு இறங்கி,
பழசுகளுக்கும் கீழே,
புதிதென்ற தடித்த எழுத்தோடு கிடக்கும்.
அவ்வளவு தூரம் ஆரேனும் தேடிப்போனால்தான் தெரியும்.

சொன்னேன்.

கதிரையை முன்னால் இழுத்தா தவரூபி.
"அப்ப துருசுக் கடிதம் திரும்பப் புதுசா எழுதவேணும்.
இண்டையத் திகதியில."
"ஓம்."
"மற்றது?"

நான் திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாலுதான் இருந்தது.

"மற்றது கிடக்கட்டும்" என்றா,
துருசு என்று அடிக்கத் தொடங்கியபடி.