நில்

பேருந்துக்கு பிரேக் உண்டு.
முதல் நாள் முழுக்க
படகின் தரையில் அதைத் தேடிக்கொண்டே இருந்தது
என் வலக்கால்.

இருபத்திரண்டு வருடமாக
ஹாப்சாலுவிலிருந்து தாலின்,
தாலினிலிருந்து ஹாப்சாலு.
வலம் திருப்பினால் வலம் போகும் வண்டி.
இதுவோ
சுக்கான் பிடியை வலம் தள்ளினால் இடம் போகிறது.
தெரியும், படித்தேன்.
சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து
மரக்கரண்டியைப் பின்னால் பிடித்துப் பழகவும் செய்தேன்.
கைக்குத்தான் ஏறவில்லை.

பல்மருத்துவர் தார்வோ விற்ற படகு.
ஒரு பாய், ஒரு கயிறு, ஓர் ஆள்.
பாயில் ஒட்டிய எண்ணில் நடு இலக்கம் உரிந்திருந்தது.
"கவிழ்ந்தா பயப்படாதீங்க உர்வே,
தானே நிமிர்ந்துக்கும்" என்றார்,
ஊசி போடுமுன் 'வலிக்காது' என்பாரே
அதே குரலில்.

ஜூன் மாத ஞாயிறு. மேல்காற்று.
கரையில் அது
கொடியில் காயும் போர்வையை அசைக்கும் அளவுதான்.
தண்ணீருக்கு வந்ததும் வேறு ஆள்.
பின்னால் வந்து தோளைத் தட்டியது;
யாரென்று திரும்பினேன்,
படகும் கூடத் திரும்பியது.
குறுக்குக்கட்டை தலைக்கு மேல் விசிறிப் போனது.
வானம் இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர்.

கவிழ்ந்த படகின் வயிற்றைக் கட்டிக்கொண்டு
எவ்வளவு நேரம் கத்தினேனோ.
உலாச்சாலையில் ஐஸ்கிரீமும் கையுமாக நின்றார்கள்.
ஒருவரும் ஓடவில்லை.
ஒருவரும் போனை எடுக்கவில்லை.
இதில் பாதிப் பேருக்கு டிக்கெட் கொடுத்தவள் நான்;
பனியில் ஓடிவந்தவர்களுக்காகக் காத்திருந்தவள்.
அப்போது சைக்கிளிலிருந்த சிறுமி ஒருத்தி
கையைக் குவித்துக் கூவினாள்:
"நில்லுங்க!"

எதை நிறுத்த?
என்னிடம் என்ன இருக்கிறது நிறுத்த?

"ஐயோ, எழுந்து நில்லுங்க!"

நின்றேன்.
தண்ணீர் மார்பளவு.

கணுக்கால் வரை கருஞ்சேறு.
மூட்டுவலிக்காரர்கள் ரயில் ஏறி வந்து
காசு கொடுத்துப் பூசிக்கொள்ளும் அதே சேறு.
பாய்மர நுனி அதில் குத்தி
ஒரு தொப்பி போட்டிருந்தது.
உலாச்சாலையில் யாரோ கைதட்டினார்கள்.
படகைப் பசுமாடு போல இழுத்துக்கொண்டு
நடந்தே கரை சேர்ந்தேன்.

அதன்பின் தைரியம்.
காற்று எவ்வளவு அறைந்தாலும்
நிற்கலாம், நிற்கலாம் என்று சொல்லிக்கொண்டே
ஜூலை முழுக்க ஓட்டினேன்.
ஒன்பது முறை கவிழ்ந்தேன்.
ஒன்பது முறை நின்றேன்.

ஆகஸ்டில் ஒருநாள் சிவப்பு மிதவையைத் தாண்டிவிட்டேன்.
வேண்டுமென்று அல்ல;
திரும்பத் தெரியாமல் மூன்று முறை முயன்று
நான்காவது முயற்சியில் தாண்டிப்போயிருந்தது.
துடுப்பை இறக்கிப் பார்த்தேன்.
முழங்கை நனைந்தது.
தோள் நனைந்தது.
தரை தட்டவில்லை.

கரையில் மாதா கோவில் கோபுரம்
ஒரு தீக்குச்சி.

அப்போதுதான் வந்தது,
தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு.
படகு சாய்ந்தது; நான் வெளியே சாய்ந்தேன்;
அது இன்னும் சாய்ந்தது.
என் வலக்கால் மறுபடி இல்லாததை மிதித்தது.
கயிற்றைப் பிடித்திருந்த கை
என்னைக் கேட்காமல்
திறந்துகொண்டது.

படபடவென்று அடித்துக்கொண்டது பாய்,
ஈரத்துணி போல, ஆயிரம் புறா போல.
படகு நிமிர்ந்தது.
நின்றது.

அட, இதுதானா!
இத்தனை வருடம் அழுத்தி நிறுத்தினேன்,
இது விட்டால் நிற்கிறது.

பிறகு கிளப்பத் தெரியவில்லை, அது வேறு கதை.
இரண்டரை மணி நேரம் வளைந்து வளைந்து வந்தேன்.
வெள்ளரிக்காய் ரொட்டி உப்பாகி நஞ்சாகியிருந்தது;
தின்றேன்.

திங்கள் காலை ஆறு நாற்பது வண்டி.
காடு முடிந்து வயல் திறக்கும் இடத்தில்
பக்கக் காற்று பேருந்தை ஓங்கி அறைந்தது.
முப்பத்தொரு பயணிகள், பாதிப்பேர் தூக்கம்.
ஸ்டியரிங்கில் என் இடக்கை விரல்கள்
ஒரு நொடி திறந்து
மூடின.

யாரும் பார்க்கவில்லை.
ரிஸ்தி நிறுத்தத்தில்
ஒருவர் மட்டும் இறங்கினார்.