அசைவு

மூக்குத்தி கழறவில்லை.
முப்பது வருசச் சதை அதைப் பிடித்து வைத்திருந்தது.
நர்ஸ் சவர்க்காரம் தடவி, திருகி எடுத்தாள்.
துவாரத்துக்குள் கண்டிக் குளிர் ஏறியது.

அங்காளேஸ்வரி, வயது ஐம்பத்திரண்டு,
கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்குத் தவறுகிறது,
பிடரியில் வலி, தூக்கமில்லை.
டிக்கோயா டாக்டர் எழுதிய துண்டு அவ்வளவுதான்.
பதினெட்டுக் கிலோவுக்கு இரண்டு குறையும்போதெல்லாம்
பிடரி இழுக்குமென்று
நானும் சொல்லவில்லை.

குழாய்க்குள் தள்ளினார்கள்.
லயத்துக் காம்பராவை விட ஒடுக்கம்.
காதில் பஞ்சு. கையில் ஒரு ரப்பர் பந்து,
பயந்தால் அமுக்க.

முதலில் அது பெரட்டுத் தப்பு.
டண்டண்டண்டண் என்று விடாமல்.
நெஞ்சு எழும்பிக் கூடையைத் தேடியது.
தோள் இரண்டும் காதுவரை ஏறின.
மழை, அட்டை, கங்காணியின் விசில்,
பிந்தினால் அரைப்பேர்.
பந்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். அமுக்கவில்லை.

நின்றது.
இனிச் சாவுத்தப்பு வருமென்று கிடந்தேன்.
யோகன் போன நாளிலிருந்து
ஒரு காது அதற்கென்றே திறந்திருக்கிறது.
அது வரவில்லை.

வந்தது வேறு.
டும், டகடக, டும்.
எந்த இஞ்சினியர் போட்ட அடியோ,
மாசி இராத்திரி, காமன் பொட்டலில்,
சுள்ளி நெருப்பில் தோலைக் காய்ச்சிக் காய்ச்சி
சன்னாசி மச்சான் அடிப்பானே
அதே இடைவெளி, அதே இடறல்.
அடுத்தது எங்கே விழுமென்று
விழுமுன்னே தெரிந்தது எனக்கு.
பதினாலு, பதினைஞ்சு, பதினாறு, மறுபடி ஒன்று.
கணக்குத் தவறவில்லை!
தோள் தானாக இறங்கியது.
நாக்கடியில் வெல்லம் கரைகிற மாதிரி ஏதோ.
கால் பெருவிரல் கேட்காமலே எழும்ப
தலையும் அதோடு போனது.

“ஹெல்லென்ன எப்பா!”
பெட்டிக்குள்ளிருந்து பையன் கத்தினான்.
ஆடக் கூடாதாம்.
அப்படியென்றால் நீ அடிப்பதை நிறுத்து, தம்பி.

படங்களை வெளிச்சத்தில் பிடித்து
ஒன்றுமில்லை, யோசனைதான் கூட, என்றார் டாக்டர்.
வரிசை வரிசையாக என் மண்டை,
அறுத்த கோவா போல
சுத்தமாக, ஊமையாக.
ஒன்று மட்டும் கலங்கிக் கிடந்தது,
தண்ணீரில் கல் விழுந்த மாதிரி.
“அது பிழை. அசைந்துவிட்டீர்கள்.”

கினிகத்தேனை வளைவில் பஸ் சாய்கிறது.
மடியிலிருக்கும் உறைமேல் விரல்கள் தட்டுவதை
பக்கத்து சீட்டுப் பெண் பார்த்த பிறகுதான்
நானும் பார்க்கிறேன்.
நாளைக்கும் பதினெட்டுக் கிலோதான்.
மூக்குத்தியை இன்னும் போடவில்லை.