குத்தகை

கரண்ட் போய் வரும்போதெல்லாம்
எங்கள் பிரிண்டர் தொலைந்துபோகும்.
அதே மேசை, அதே பச்சை விளக்கு,
ஆனால் நேற்று பதினாலு, இன்று முப்பத்தொன்று.
பதினாலைக் கூப்பிட்டால்
மாடியறை மாணவனின் டிவி வந்து நிற்கிறது.

பத்தூமியில் மழைக்குக் குறைவில்லை,
மின்வெட்டுக்கும்.

"எல்லாத்துக்கும் நிலையா ஒரு நம்பர் கொடுத்துடு"
என்றாள் லமாரா,
சாவிகளில் பெயின்டால் அறை எண் எழுதுகிறவள்.
கொடுத்தேன்.
ஆகஸ்டில் தங்கிய மின்ஸ்க் குடும்பம்
போய் ஒன்றரை மாதமாகியும்
அவர்களின் ஏழு எண்கள்
பட்டியலில் கால் நீட்டிப் படுத்திருந்தன.

அழித்தேன்.
வந்து போகிறவர்களை ரவுட்டரே பார்த்துக்கொள்ளட்டும்:
ஒரு நாள் குத்தகை,
இருந்தால் நீட்டிப்பு, கிளம்பினால் அடுத்த ஆளுக்கு.
நகராதவை இரண்டுக்கு மட்டும் சொந்த எண்.
பிரிண்டர் ஐம்பது,
வாசல் கேமரா ஐம்பத்தொன்று.

அந்த நிம்மதியில்
குத்தாயிசிக்குத் தம்பி வீடு போனேன்.
சாப்பாட்டுக்கு நடுவே
வாசலைப் பார்க்கலாமென்று போனைத் திறந்தால்
வாசலே இல்லை.

"கரண்ட் போய் வந்துச்சு, அவ்வளவுதான்.
உள்ளே எல்லாம் அதது இடத்துல இருக்கு" என்றாள் லமாரா.
உண்மைதான்.
ஐம்பத்தொன்று ஐம்பத்தொன்றாகவே இருந்தது.
வீட்டின் எண்ணைத்தான்
கம்பெனி மாற்றிவிட்டது.
முன்பின் தெரியாத யாருடைய கதவையோ
அரைமணி நேரமாகத் தட்டியிருக்கிறேன்.

நிலையான எண் வேண்டுமென்றால்
மாதம் பத்து லரி கூடுதல் என்றது போனில் ஒரு குரல்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்,
வாடகையை ஏற்றும்போது
எங்கள் குடித்தனக்காரர்கள் சொல்கிற
அதே தொனியில்.