பத்து நாள் கழித்து வருகிறேன்

முப்பத்தொரு கோடைகள்
நெப்ராஸ்காவின் சோளக்காடுகளில்
ஆலங்கட்டி முறித்த தண்டுகளை எண்ணியவர்
டுவேன் கூபிக்.
காப்பீட்டுக் கம்பெனியின் கறுப்பு டயரி,
சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ்.
சால் நெடுகப் பதினேழரை அடி அளந்து
நிற்பது எத்தனை, போனது எத்தனை என்று
பென்சிலால் கோடு போடுவார்.

இப்போது அவரே ஒரு சின்னக் காப்பீட்டுக் கம்பெனி.
மார்லிஸின் தையல் மெஷினுக்கும்
ரொட்டி டப்பாவுக்கும் நடுவே லேப்டாப்.
பாஸ்டனிலோ டாம்பாவிலோ
தன் பங்கு சரிந்துவிடுமோ என்று
தூக்கம் கெட்டுக் கிடக்கும் யாரோ ஒருவருக்கு
டுவேன் வாக்குக் கொடுக்கிறார்:
எவ்வளவு விழுந்தாலும்
நாற்பத்தெட்டுக்கு நான் வாங்கிக்கொள்கிறேன்.
நூறு பங்கு. முப்பத்தைந்து நாள்.
வாக்குக்குக் கூலி தொண்ணூறு டாலர்.

நாலாயிரத்து எண்ணூறைத்
தனியே எடுத்து வைத்த பிறகுதான்
பொத்தானை அமுக்குவார்.
மருமகன் கிரெக்குக்குச் சிரிப்பு:
கடனில் விற்றால் பத்து மடங்கு வருமே!
டுவேன் காப்பியைக் கலக்குகிறார்,
சர்க்கரையே போடாத காப்பியை.

மாதத்தின் மூன்றாம் வெள்ளி காலாவதி.
அந்தச் சொல்லுக்குள் ஓர் அவதி ஒளிந்திருப்பது
அவருக்குத் தெரிய நியாயமில்லை.
அவருக்கு அது
ஒன்றும் நடக்காமல் முடிந்த வெள்ளிக்கிழமை.
ஒன்றும் நடக்காததற்குத்தான் சம்பளம்.
தொண்ணூறு, கேஸ் பில்.
எழுபது, மார்லிஸின் கடைவாய்ப் பல்.
நூற்றுப் பத்தில் நாய்க்கு ஊசி போக
ஒரு பை பறவைத் தீனி.
நாற்பத்தொரு மாதம்
பச்சைக் கோட்டு நோட்டில்
எறும்புச் சாரை போல எண்கள்.

பிறகொரு பிப்ரவரி, திங்கட்கிழமை.
பாசனக் குழாய் செய்யும் அந்தக் கம்பெனி
கணக்கில் பொய் எழுதியிருந்ததாம்.
காலை எட்டரைக்குச் சந்தை திறந்தபோது
நாற்பத்தொன்பது முப்பத்தொன்றாகியிருந்தது.
மார்லிஸ் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்:
"எவ்வளவு?"
"ஆயிரத்து எழுநூறு.
கூலியைக் கழித்தால் ஆயிரத்து அறுநூற்றுப் பத்து."
ஏறக்குறைய பதினெட்டு வெள்ளிக்கிழமைகள்.
எறும்பு சேர்த்ததை யானை மிதித்துவிட்டுப் போயிருந்தது.

கிரெக் போனில் கத்தினான். இப்போதே தள்ளிவிடுங்கள்.
அரை மணி கழித்து மறுபடி. இன்னும் நூறு வாங்குங்கள்.
இரண்டு முறையும்
"ம்" என்றார்.

ஆலங்கட்டி பெய்த மறுநாள்
விவசாயிகளும் இப்படித்தான் கத்துவார்கள்.
எல்லாம் போச்சு, வந்து பார்.
டுவேன் போவார். பார்ப்பார். எண்ண மாட்டார்.
பத்து நாள் கழித்து வருகிறேன் என்பார்.
கந்தலாய்க் கிடப்பது துளிர்விடும்.
பச்சையாய் நிற்பது உள்ளே அழுகியிருக்கும்.
நீளவாக்கில் பிளந்து
குருத்தைப் பார்க்காமல் சொல்லக் கூடாது.

வெள்ளியன்று நூறு பங்கும் வீடு வந்து சேர்ந்தன,
அழைக்காத விருந்தாளிகளாக.
நூலகத்தில் பக்கம் பதினைந்து சென்ட் கொடுத்து
கம்பெனியின் அறிக்கையை அச்செடுத்தார்.
பழைய பென்சிலோடு உட்கார்ந்தார்.
கடன்.
கடனை அடைக்க வாங்கிய கடன்.
பத்தாம் நாள் இரவு
குருத்து பழுப்பாக இருந்தது.

இருபத்தொன்பதுக்கு விற்றார்.

லேலண்ட் வோட்டாவா ஒருமுறை
வயலோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு
"எண்பது சதவீதம் போடக் கூடாதா?" என்று கேட்டிருந்தார்.
அறுபத்திரண்டு என்று எழுதிவிட்டு
வண்டியைக் கிளப்பியவர் டுவேன்.
கண்ணாடியில் அந்த ஆள்
வெகுநேரம் சின்னதாகிக்கொண்டே வந்தது
இன்றைக்குத்தான் நினைவுக்கு வருகிறது.
இந்த வயலுக்கு
மதிப்பிட வந்தவரும் அவர்தான்,
தொப்பியைப் பிடித்து நிற்பவரும் அவர்தான்.
கூடக் குறையப் பேச ஆளில்லை.

மார்ச் மாதம்.
வேறொரு கம்பெனி, உப்பு விற்பது.
இன்னும் தாழ்ந்த விலைக்கு, இன்னும் சின்ன வாக்கு.
பணத்தைத் தனியே எடுத்து வைத்தார்.
இரண்டு முறை எண்ணினார்.
முப்பத்தெட்டு டாலர்.

"பறவைத் தீனி தீர்ந்துவிட்டது," என்றாள் மார்லிஸ்.