பறிமுதல் பட்டியல்

குதாயிசியில், ஆற்றைப் பார்த்த பழைய குடியிருப்பில்
மூன்றாவது மாடிக் குளியல்தொட்டியில்
ஒரு விசாரணை அறிக்கை ஊறிக்கொண்டிருந்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அரசு முத்திரைதான் கடைசியாகக் கரையும் என்றாள் சிசானா,
டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில்.
கணவர் இரண்டு மாதமாகத் தங்கை வீட்டில் குளிக்கிறார் என்றும்.

பறிமுதல் செய்யப் போனவர்கள் நாங்கள் மூவர்.
எழுதுவது என் வேலை.

ஏழாம் எண் சுரங்கம் வெடித்தது பற்றிய அறிக்கை.
நானும் படித்திருக்கிறேன், முழுதாக இல்லை,
நானூற்று மூன்றாம் பக்கம் மட்டும்:
'அன்றிரவு இறங்கியோர் எண்ணிக்கையை
உறுதி செய்ய இயலவில்லை.'
வருகைப் பதிவேடும் எரிந்துபோனதாம்.
பதிவேடு மேலே, அலுவலகத்தில் இருந்தது.

கூழைப் பிழிந்து, பசை சேர்த்து
அவள் பூட்ஸ் செய்திருந்தாள்.
சுரங்கக்காரர்களின் பூட்ஸ், அசல் அளவு.
முற்றத்துக்குக் குறுக்கே ஓடும் துணிக்கொடியில்
அண்டைவீட்டுப் போர்வைகளுக்கு நடுவே
காய்ந்துகொண்டிருந்தன.
சாம்பல் நிறம். மை அப்படித்தான் ஆகும்.
ஒன்றின் குதிகாலில்
'இயலவி' என்பது மட்டும் கரையாமல் நின்றது.

வியாழனன்று நகரமன்றப் படிகளில் வைக்கவிருந்தாள்,
முனைகள் வாசலைப் பார்த்தபடி.
அதனால்தான் புதனன்று நாங்கள்.

கப்பியை இழுத்து இழுத்து இறக்கினோம்.
எடையே இல்லை.
கீழே யாரோ கம்பளம் தட்டுவதை நிறுத்தினார்கள்.

விதி தெளிவானது: பொருள், எண்ணிக்கை, நிலை.
காகித பூட்ஸ், பெரியது, இருபத்தெட்டு ஜோடி.
காகித பூட்ஸ், சிறியது, ஒரு ஜோடி.
சிறியது யாருடையது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
இருந்தும் கேட்டேன்.
'விளக்கு துடைக்கிற பையன்.
அவனை வேலைக்கே சேர்க்கலைன்னு சொல்றாங்க.'

கூட்டினேன். இருபத்தொன்பது.
எண்ணால் ஒருமுறை, எழுத்தால் ஒருமுறை.
நிலை: ஈரம்.
மூன்று பிரதி. அமைச்சக முத்திரை. என் கையெழுத்து.

மேஜர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
'சில ஜோடிகள்னு போட்டிருக்கலாமே, ஓத்தார்.'
போட்டிருக்கலாம்.
முத்திரை மை காயவில்லை.
ஊதினேன்.

பொருளை இழந்தவருக்கு ஒரு பிரதி. அதுவும் விதி.
கையைப் பாவாடையில் துடைத்தாள்,
மறுபடி துடைத்தாள், அப்புறம்தான் வாங்கினாள்.
இருபத்தொன்பது என்ற இடத்தில்
விரல் படாமல் பிடித்துக்கொண்டாள்.
நான் தொட்டியைப் பார்த்தேன்.

'இதை நனைக்க மாட்டேன்' என்றாள்.